அடைத்த அறையில் ஒரு சுடர்: மெழுகுவர்த்தியும் அரியலூர் வீட்டுக் காற்றும்

ஐப்பசி மழை இரவில் மின்சாரம் போகிறது. சாரல் அடிக்கும் என்று ஜன்னல்களை ஏற்கெனவே சாத்தியாயிற்று. மின்விசிறி ஓய்ந்து நிற்கிறது. கவிழ்த்த டம்ளரின் மேல் இரண்டு சொட்டு மெழுகை விட்டு அதில் மெழுகுவர்த்தியை நிறுத்துகிறார்கள். பத்துக்குப் பத்து அறை, நான்கு பேர், ஒரு சுடர். அந்தச் சுடர் அவர்கள் மூச்சுவிடும் காற்றை என்ன செய்கிறது?

இந்தக் கேள்வி இருநூற்றைம்பது ஆண்டுப் பழமை கொண்டது. ஒவ்வொரு காலமும் தனக்குத் தெரிந்த வேதியியலைக் கொண்டு ஒரு விடை சொல்லியிருக்கிறது. விடைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு அறைகளில் பிறந்தவை. அவற்றை அரியலூர் மாவட்டத்து வீடுகளுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். இங்கே மெழுகுவர்த்திக்குப் பல வேலைகள் உண்டு. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த 2012இல் பிள்ளைகள் படித்தது இதன் வெளிச்சத்தில்தான். கொள்ளிடக்கரையில் வீரமாமுனிவரின் பெயரோடு சேர்ந்து நிற்கும் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தில் இது வேண்டுதல். கல்லறைத் திருநாளில் இது நினைவு. அண்மைக்காலமாக வாசனை மெழுகுவர்த்தி என்று கண்ணாடிக் குப்பியிலும் வருகிறது.

காற்றைத் தின்னும் சுடர்

முதல் விடை, சுடர் காற்றைக் கெடுக்கிறது என்பது. மூடிய கண்ணாடிக்குள் மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த பிறகு அந்தக் காற்றில் இன்னொரு சுடர் நிற்காது. உள்ளே ஒரு புதினாத் தளிரைச் சில நாள் விட்டுவைத்தால் மறுபடியும் எரியும். இதை 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி செய்து காட்டினார். கெட்டது எது என்பதை லவாய்சியே ஆக்சிஜனைக் கொண்டு விளக்கினார். 1858இல் மியூனிக்கின் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர், அறைக் காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் பத்துப் பங்குக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எல்லை வகுத்தார். காற்றோட்டத்தை மதிப்பிட இன்றும் அந்த எண்தான் கைகொடுக்கிறது.

பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் நம் ஊர் வழக்கமும் இதே அறிவுதான். ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்கு இறங்கினால் சுடர் அணையும். ஆனால் அந்த வழக்கத்தை நம்பி யாரும் இறங்கிவிடக் கூடாது. நச்சு வாயுவைச் சுடர் காட்டாது. எரியும் வாயு இருந்தால் விளக்கே வெடிக்கு வழி செய்யும்.

வீட்டு அறைக்கு இந்த விடை எவ்வளவு பொருந்தும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண மெழுகுவர்த்தி மணிக்குச் சுமார் 5 கிராம் மெழுகை எரிக்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ 15 கிராம், அதாவது 8 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 18 முதல் 20 லிட்டர் வெளிவிடுகிறார். ஆக, ஒரு மெழுகுவர்த்தி அரை மனிதருக்கும் குறைவு. நான்கு பேர் இருக்கும் அடைத்த அறையில் புழுக்கத்துக்கு முதல் காரணம் அந்த நான்கு பேரேதான். மெழுகுவர்த்தி ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்ற பயம் வீட்டளவில் மிகையானது. தவறு எங்கே என்றால், ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் மட்டுமே அக்காலம் பார்த்தது. வேறு என்ன சேர்கிறது என்று பார்க்கவில்லை.

கண்மை சொல்லும் பாடம்

சேர்வது கரி. அது எங்கிருந்து வருகிறது என்பதை மைக்கேல் ஃபாரடே 1848இலும், மறுபடி 1860–61 கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளிலும் சிறுவர்களுக்கு விளக்கினார். மெழுகு உருகி, திரியில் ஏறி, ஆவியாகி எரிகிறது. சுடரின் நடுவே காற்று போதாது. அங்கே பிறக்கும் கரித்துகள்கள் சூடேறித் தகதகக்கின்றன. நாம் மஞ்சள் வெளிச்சம் என்று காண்பது அவற்றைத்தான். மேலே போகப் போக அவை காற்றைச் சந்தித்து எரிந்துபோகின்றன. எல்லாம் எரிந்தால் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். இடையில் சுடர் குளிர்ந்தாலோ ஆடினாலோ கரி தப்பித்து அறைக்குள் வரும்.

நம் பாட்டிமாருக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றி, சுடரின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் தட்டின் அடியில் பட்டுப்போல ஒட்டியிருக்கும் கரியை வழித்தால் கண்மை. அந்தத் தட்டு செய்வது ஒன்றே ஒன்று: எரிந்து முடியுமுன் சுடரைக் குளிரவைக்கிறது. தட்டு இல்லாமலே அதே கரியை உண்டாக்கும் வழிகளும் உண்டு. திரி நீண்டு நுனியில் கரிக்கொண்டை கட்டும்போது எரிபொருள் மிகுதியாக ஏறிப் புகைகிறது. மின்சாரம் திரும்பி, மின்விசிறி தலைக்கு மேல் சுற்றத் தொடங்கும்போது சுடர் ஆடிப் புகைகிறது. அணைக்காமல் விட்ட மெழுகுவர்த்தி விசிறிக்காற்றில் எரியும் அந்த ஐந்து நிமிடம், அதற்கு முந்தைய அமைதியான ஒரு மணி நேரத்தைவிடக் காற்றுக்குக் கேடு செய்யக்கூடும்.

வாயால் ஊதி அணைத்ததும் எழும் வெள்ளைப் புகை கரி அல்ல; எரியாமல் தப்பிய மெழுகாவி குளிர்ந்து திரண்ட துளிகள் அவை. அந்தப் புகை இழையில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் தாவித் திரியில் மறுபடி பற்றும். ஃபாரடே செய்து காட்டிய வித்தைகளில் ஒன்று. விளக்கை ஊதி அணைக்கக் கூடாது, திரியை எண்ணெய்க்குள் இழுத்து மலையேற்ற வேண்டும் என்பது நம் வீட்டு மரபு. பக்தியின் பெயரால் வந்தாலும், புகையை அடக்கும் கணக்கில் அது மிகச் சரியான முறை. மெழுகுவர்த்திக்கும் அதையே செய்யலாம்: ஒரு குச்சியால் திரியை உருகிய மெழுகில் அமிழ்த்தி நிமிர்த்தினால் புகை எழாது.

கரி எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு. பத்தடிக் கன அறையின் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். எரியும் மெழுகில் ஆயிரத்தில் ஒரு பங்கு கரியாகத் தப்பினால் மணிக்கு 5 மில்லிகிராம். காற்றோட்டமே இல்லையென்றால் ஒரு மணி முடிவில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 180 மைக்ரோகிராம். நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த எல்லை 15. இந்திய எல்லை 60. ஒரு மணி நேர உச்சத்தை நாள் சராசரியோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது; துகள் படியும், கதவிடுக்கில் காற்றும் போகும். அமைதியாக எரியும் நல்ல மெழுகுவர்த்தி இந்த அளவுக்குக் கரி விடுவதும் இல்லை. ஆயினும் 'கொஞ்சூண்டு கரிதானே' என்ற சொல் எவ்வளவு ஏமாற்றும் என்பதை இது காட்டும்.

இதே கணக்கில் மண்ணெண்ணெய் சிமினி விளக்கை வைத்தால் நிலைமை வேறு. எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 விழுக்காடு வரை கரியாகவே வெளிவருகிறது என்று 2012இல் வெளியான அளவீடுகள் கூறின. ரேஷன் மண்ணெண்ணெயைப் போத்தலில் ஊற்றித் திரி போட்ட காலத்திலிருந்து மெழுகுவர்த்திக்கு மாறிய குடும்பம், காற்றைப் பொறுத்தவரை பெரிய படி ஏறிய குடும்பம்.

மெழுகிலா, திரியிலா குற்றம்?

பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் நஞ்சு, சோயா மெழுகும் தேன்மெழுகும் தூய்மை என்ற கட்சி வணிகத்தில் செல்வாக்கானது. 2009இல் அமெரிக்க வேதியியல் கழக மாநாட்டில் தென் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாரஃபின் புகையில் டொலுயீன் போன்றவை இருப்பதாகக் கூறியது இதற்கு வலு சேர்த்தது. ஆனால் ஒரு பொருள் இருக்கிறது என்பதும், மூச்சில் கேடு தரும் அளவுக்கு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. முழுமையாக எரியாத எந்தக் கரிமப் பொருளும் இத்தகையவற்றை உண்டாக்கும். எதிர்த் தரப்பில், 2007இல் ஜெர்மனியில் பல மெழுகுகளை எரித்துச் செய்த சோதனை, நன்றாகச் செய்த எல்லா மெழுகும் ஏறக்குறைய ஒன்றுபோலவே எரிகின்றன என்றது. அதற்குப் பணம் கொடுத்தது மெழுகுவர்த்தித் தொழில்துறை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கிடைக்கும் சான்றைப் பார்த்தால், மெழுகின் பிறப்பைவிடத் திரியின் பருமனும் சுடரின் அமைதியுமே முடிவு செய்கின்றன என்று நினைக்க இடமிருக்கிறது.

திரியின் கதையில் ஒரு முடிவு மட்டும் ஐயமற்றது. திரி நிமிர்ந்து நிற்க உள்ளே ஈயக் கம்பி வைக்கும் பழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. எரியும்போது ஈயம் காற்றில் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அளவை எட்டலாம் என்று தெரிந்தபின் அமெரிக்கா 2003இல் அதைத் தடைசெய்தது. உலோக இழை ஓடும் திரியைக் கண்டால் வாங்காமல் விடுவது நல்லது.

எடையும் எண்ணிக்கையும்

கடந்த இருபது ஆண்டுகளில் கேள்வியே மாறியது. கரிந்து புகையாத, அமைதியான சுடரும் துகள்களை விடுகிறது. ஆனால் அவை கண்ணுக்குத் தெரியாதவை, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. எடை போட்டால் ஒன்றுமில்லை, எண்ணினால் கோடிக்கணக்கில். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அதிநுண் துகள்களில் பெரும்பாலானவை கரி அல்ல, பாஸ்பேட், நைட்ரேட் முதலிய உப்புகள் என்று கண்டது. திரி சீராக எரிய ஏற்றும் உப்புகளிலிருந்து வருபவை அவை. 2013இல் கோபன்ஹேகனின் 56 வீடுகளில் அளந்தவர்கள், மெழுகுவர்த்தி ஏற்றிய வீடுகளில் அதிநுண் துகள் நுகர்வில் ஏறத்தாழ 60 விழுக்காடு அதிலிருந்தே வந்ததாகக் கணக்கிட்டார்கள். நீண்ட குளிர்கால இரவுகளில் மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பது டென்மார்க்கில் வீட்டுப் பண்பாடு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உடலில் இவை செய்வது என்ன? ஆர்ஹஸ் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட சோதனையில், சமையல் புகையோ மெழுகுவர்த்திப் புகையோ உள்ள அறையில் சில மணி நேரம் இருந்த இளம் ஆஸ்துமா நோயாளிகளிடம் எரிச்சலும் லேசான அழற்சியின் அறிகுறிகளும் தென்பட்டன. ஆனால் மெழுகுவர்த்திப் பயன்பாட்டையும் இதய, நுரையீரல் நோய்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த டென்மார்க்கின் இன்னொரு ஆய்வில் தெளிவான தொடர்பு எதுவும் தெரியவில்லை. இரண்டும் முரண் அல்ல. முதலாவது சில மணி நேரத்தைப் பார்க்கிறது, இரண்டாவது பல ஆண்டுகளை. முதலாவது நோயுள்ள மூச்சுக்குழாயை, இரண்டாவது பொதுமக்களை. நீரில் கரையும் உப்புத் துகளும் கரையாத கரித் துகளும் நுரையீரலில் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. எண்ணிக்கையை மட்டும் சொல்லி அச்சுறுத்தும் செய்திகளின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

தேவாலயமும் பூசை அறையும்

புனித இடங்களில் அளந்தால் என்ன வரும்? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 2004இல் வெளியான ஆய்வு, மெழுகுவர்த்திகளும் தூபமும் எரிந்த பிறகு தேவாலயக் காற்றில் துகள் அளவு, பரபரப்பான சாலையோரத்தை விடப் பல மடங்கு இருந்ததைக் காட்டியது. அது குளிர்நாட்டின் மூடிய கற்கட்டடம். நம் மாதா கோயில்களில் பெரும்பாலும் வர்த்திகளைத் திறந்தவெளித் தட்டுகளில் ஏற்றுகிறார்கள். அந்த எண்ணை அப்படியே ஏலாக்குறிச்சிக்குக் கொண்டுவருவது பிழை.

வீட்டுப் பூசை அறையின் நிலை அதைவிடச் சிக்கலானது. அரை ஆள் அகலத்தில், சுவரில் குடைந்த அலமாரியாக, ஜன்னல் இல்லாமல் இருக்கும் இடம் அது. நல்லெண்ணெய் விளக்கு அமைதியாக எரியும். கற்பூரம் அப்படியல்ல, தட்டில் கொட்டி ஏற்றும்போது காற்று போதாமல் கருகருவென்று புகையும். இன்று கிடைப்பதில் பெரும்பகுதி பைன் மர டர்பென்டைனிலிருந்து செய்யப்படும் கற்பூரம். ஊதுபத்தியும் சாம்பிராணியும் எரிவதில்லை, கனல்கின்றன. கனல் என்பது புகையை உண்டாக்குவதற்கே ஆன ஏற்பாடு. சாம்பிராணி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற விடை மிகப் பழையது. கெட்ட நாற்றமே நோய் என்று உலகம் முழுதும் நம்பிய காலத்தில் அது நியாயமான விடையும்கூட. கொசுவை விரட்டுவதில் அதற்கு ஓரளவு பயன் இருக்கலாம். ஆனால் நாற்றத்தை மறைப்பது காற்றைத் தூய்மை செய்வது ஆகாது. சிங்கப்பூரில் 61,000க்கும் மேற்பட்ட சீன இனத்தவரைத் தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியான ஆய்வு, நெடுங்கால ஊதுபத்திப் பழக்கத்துக்கும் மேல் சுவாசப்பாதையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கும் தொடர்பு கண்டது. தலைக்குக் குளிப்பாட்டிய பச்சிளம் குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டும் வழக்கத்தை, அன்பால் செய்வது என்று அறிந்தே, மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

சுடரின் கூட்டாளிகள்

மெழுகுவர்த்தியைத் தனியாக நிறுத்தி விசாரிப்பதே நம் வீடுகளில் பிழையாகலாம். மின்வெட்டு இரவில் விசிறி நிற்கிறது, விசிறி நின்றால் கொசு, கொசுவுக்குச் சுருள். மெழுகுவர்த்தி எரிகிற அதே அறையில், அதே நேரத்தில், கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் கனன்றுகொண்டிருக்கிறது. சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்றது. மெழுகுவர்த்தியை ஒன்பது மணிக்கு அணைத்துவிடுவார்கள். சுருள் விடிய விடிய கனலும். இந்த இரண்டில் எதைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்பதில் ஐயம் இல்லை.

அடுப்பு இன்னும் பெரியது. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி விறகும், எங்கும் கிடைக்கும் சீமைக்கருவேல விறகும் இன்னும் பல வீடுகளில் எரிகின்றன; காஸ் அடுப்பு இருக்கும் வீட்டிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அளந்தார்கள். சமைக்கும் பெண் மட்டுமன்றி, வீட்டில் இருக்கும் முதியவர்களும் குழந்தைகளும் புகையில் பங்கு பெறுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டப் பெண்களும் பங்கேற்ற நான்கு நாட்டுச் சோதனை ஒன்றின் முடிவு 2022இல் வந்தது. 3,200 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்குக் காஸ் அடுப்பும் தடையற்ற சிலிண்டரும் கொடுத்தார்கள். அவர்கள் நுகர்ந்த நுண்துகளின் இடைநிலை அளவு கன மீட்டருக்கு 23.9 மைக்ரோகிராம், விறகில் சமைத்தவர்களுக்கு 70.7. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. புகை குறைந்தால் உடல்நலம் உடனே கூடும் என்ற எளிய எதிர்பார்ப்பை இந்த முடிவு நிறுத்தி யோசிக்க வைத்தது. அடுப்பளவு மாற்றத்துக்கே விடை இவ்வளவு தயங்குகிறது என்றால், வாரத்தில் சில மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தியின் விளைவைத் தனியாகப் பிரித்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை ஊகிக்கலாம்.

வீடும் மாறியிருக்கிறது. கீற்றுக் கூரையிலும் நாட்டு ஓட்டிலும் புகை வழி கண்டுபிடித்துப் போய்விடும். 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டமும் அதன் பின்வந்தவையும் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கின. மழைக்கும் தீக்கும் பாதுகாப்பு கிடைத்தது; அது சிறிய ஆதாயம் அல்ல. கூடவே, கூரையிடுக்கு என்னும் இலவசப் புகைபோக்கியும் போய்விட்டது.

ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா?

எல்லாக் கட்சிகளும் ஒன்றுசேரும் அறிவுரை ஒன்று உண்டு: ஜன்னலைத் திற. கோபன்ஹேகனில் அது குளிரை உள்ளே விடும், வேறு சங்கடம் இல்லை. அரியலூரில் சங்கடம் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த இடம் இது. அந்தச் சுண்ணாம்புக்கல்லைச் சுரங்கங்களில் வெட்டி, லாரிகளில் ஏற்றி, சிமெண்ட் ஆலைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். லாரித் தடத்தை ஒட்டிய ஊர்களில் முருங்கை இலையும் துவைத்துப் போட்ட வேட்டியும் வெளுத்த தூசு பூசிக்கொள்கின்றன. அங்கே ஜன்னலைச் சாத்தி வைப்பது சோம்பல் அல்ல, தற்காப்பு.

இரண்டு மாசுகளும் ஒரே இனம் அல்ல என்பது இங்கே உதவலாம். சாலைத் தூசில் எடை மிகுந்த பகுதி பருத்த துகள். அது தரையில் படியும்; ஈரத்துணியால் துடைத்தால் போகும்; ஜன்னலில் கட்டிய நனைத்த துணி ஓரளவு தடுக்கும். சுடரின் துகளைத் துணி அவ்வளவாகப் பிடிக்காது. பெரும்பகுதி காற்றோடுதான் வெளியேற வேண்டும். ஆகவே நாள் முழுதும் சாத்துவது, நாள் முழுதும் திறப்பது என்ற இரண்டுக்கும் நடுவே, லாரி ஓட்டம் குறைந்த வேளை பார்த்துத் திறப்பது, தெருப்பக்க ஜன்னலை விட்டுக் கொல்லைப்பக்கக் கதவைத் திறப்பது போன்ற வழிகள் அறிவுக்கு ஒத்தவையாகத் தோன்றுகின்றன. மார்கழி அதிகாலைகளில் மட்டும் இதுவும் பலிக்காது: பனியோடு ஊர்ப்புகை தாழ்ந்து தெருவிலேயே தங்கி நிற்கும், வெளிக்காற்று உள்காற்றுக்கு உதவி செய்யாது.

ஒரு மெழுகுவர்த்தி, ஒரு சுருள், ஒரு கற்பூரத் தட்டு, பின்கட்டில் ஒரு விறகடுப்பு, சுவருக்கு வெளியே சுண்ணாம்புத் தூசு. இவை அடுத்தடுத்து ஒரே நுரையீரலுக்குள் போகும்போது விளைவுகள் வெறுமனே கூடுகின்றனவா, ஒன்றையொன்று பெருக்குகின்றனவா என்பது தீராத கேள்வி. மேலே சொன்ன அளவீடுகள் எதுவும் சுண்ணாம்புத் தூசு படியும் கான்கிரீட் வீட்டில், ஐப்பசி மின்வெட்டு இரவில் எடுத்தவை அல்ல. அந்த அறையில் சுடர் ஏறியதிலிருந்து சுருள் சாம்பலாகும் வரை, ஜன்னல் சாத்திய ஓர் இரவும் கொல்லைக் கதவு திறந்த ஓர் இரவுமாக, துகளை எடையாலும் எண்ணிக்கையாலும் அளந்து பார்த்தால், எத்தனை விரற்கடை திறந்தால் போதும் என்பதை அந்த வீட்டாருக்குச் சொல்ல முடியும்.